காகபாதம் முதல் சான்றிதழ் வரை

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஏழு கல் வைரத்தோடு பேச்சும் கூடவே வரும். "ப்ளூ ஜாகர்தானே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் பணம் கொடுக்கலாமா என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

வைரத்தில் குறை பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைவீதி வருகிறது. அங்கே வைரத்துக்கு நான்கு குற்றங்கள் சொல்லப்படுகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. அதாவது காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்று பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் 'கிளாரிட்டி' பார்ப்பவர் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகச் சந்தைக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போனது. 'கோல்கொண்டா' என்ற பெயரே தரத்துக்கு உத்தரவாதமாக இருந்தது. பிறகு பிரேசிலிலும், 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவிலும் வைரம் கிடைத்தது. 1870இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் நீலச் சாயல் கொண்ட வெள்ளைக் கற்கள் பேர்பெற்றவை. நம் 'ஜாகர்' அங்கிருந்து வந்த பெயர்தான். அங்கே சுரங்கம் தோண்டுவது நின்று அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பெயர் மட்டும் கடைகளில் நிலைத்துவிட்டது.

எடையிலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. 1907இல்தான் ஒரு காரட் 200 மில்லிகிராம் என்று சர்வதேச அளவில் முடிவானது. நம் கடைக்காரர்கள் சொல்லும் 100 சென்ட் இதுதான். நிறத்துக்கோ வியாபாரிகள் ஏ, டபுள் ஏ என்று அவரவர் விருப்பப்படி குறியிட்டார்கள். 1931இல் தொடங்கிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., 1953இல் 'டி' முதல் 'இசட்' வரை புதிய அளவுகோலை வகுத்தது. பழைய குறிகளோடு குழப்பம் வரக்கூடாது என்றே ஏ, பி, சி மூன்றையும் விட்டுவிட்டது. 'டி' என்றால் நிறமே இல்லாத கல்.

ஆக, 'ப்ளூ ஜாகர்' என்பது வாய்ச்சொல், சான்றிதழ்தான் ஆவணம். சில கற்கள் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டு நீலமாக ஒளிரும். லேசான மஞ்சள் கல்லும் அதனால் வெள்ளையாகத் தெரியலாம். சான்றிதழில் நிறம், ஒளிர்வு இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

பின்பக்கம் மூடிய கட்டடத்தில் கல்லின் நிறத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. எனவே கட்டுவதற்கு முன்பே பாருங்கள். நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை அதன் தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு அல்ல. கல் இயற்கையானதா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதையும், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நகையைப் போலவே அந்தக் காகிதங்களையும் லாக்கரில் பத்திரப்படுத்துங்கள்.