மின்தொழிலாளியும் கல்லூரிப் படியும்



1902-ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 90 மைல் தூரம் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் பாடுபட்டோரில் பெருந்தொகையினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். மின்விசையைக் கையாளும் வித்தை அக்காலத்தில் பெரும்பாலும் மேஸ்திரியின் அருகே நின்று, கண்டும் கேட்டும் கற்கப்பட்டதே. அவ்விதம் கற்றவன் வேறோர் ஊருக்குப் பிழைக்கப் போனால், தன் திறமையை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கல்லூரி வாயிலைப் பற்றி அவன் எண்ணியும் இருக்கமாட்டான்.

இதன் வேர் சட்டத்திலேயே இருந்தது எனலாம். 1850-ஆம் ஆண்டில் எழுந்த அப்ரண்டீஸ் சட்டம், 10 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை, 7 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்தின் பேரில் ஓர் எஜமானரிடம் ஒப்படைக்க வழி செய்தது. அநாதைகளும், தருமத்தில் வளரும் ஏழைச் சிறுவர்களும் ஒரு தொழிலறிந்து பிழைக்கவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். கருணையான நோக்கந்தான். ஆயினும் பட்டறை ஏழைக்கு, கல்லூரி மற்றவர்க்கு என்ற பிரிவினை அதனுள்ளே ஒளிந்திருந்தது. சட்டம் மாறிய பிறகும் அந்த எண்ணம் நெடுநாள் மாறவில்லை.

1961-ஆம் ஆண்டின் சட்டம் மறு ஆண்டு மார்ச்சு முதல் அமலுக்கு வந்தது. பயிலும் காலத்தில் உதவித்தொகை, முடிவில் தேர்வு, தேறியவர்க்கு நாடு முழுதும் செல்லும் சான்றிதழ் ஆகியவை கிட்டின. எலெக்ட்ரீஷியன், வயர்மேன் ஆகிய இரு தொழில்களும் அதில் அடங்கும். பம்பாயில் பெற்ற சான்றிதழைக் கல்கத்தாவிலும் காட்டலாம் என்பது பிற மாநிலங்களில் குடியேறியோர்க்குச் சிறு நன்மையன்று. ஆனால் அது வேலைக்கான சான்றிதழ். ஐ.டி.ஐ.யில் ஈராண்டு படித்தவர் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழி பிறந்தது. பட்டறையில் பழகிய காலமோ கல்லூரிக் கணக்கில் ஏறவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் தகுதி பெற விரும்பியவர்க்கு வேறொரு வாயில் இருந்தது. இந்தியப் பொறியாளர் கழகம் 1928 முதல் நடத்திவரும் ஏ.எம்.ஐ.இ. தேர்வே அது. அதில் தேறினால் மத்திய அரசாங்க உத்தியோகத்தில் பொறியியல் பட்டத்திற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. இரவு விளக்கில் படித்து அதை முடித்தோர் பலர். ஆனால் அங்கும் மதிப்பிடப்பட்டது ஏட்டறிவே. மேலும், அந்த ஈடு 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு நிறுத்தப்பட்டது.

பட்டறை நேரத்தையே கல்வி நேரமாக எண்ணும் முறை 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் வந்தது. 30 மணி நேரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட். ஓராண்டின் 1,200 மணி நேரத்திற்கு 40. வகுப்பறை, ஆய்வுக்கூடம், தொழிற்சாலை எதுவாயினும் கணக்கு ஒன்றே. முறையான மதிப்பீட்டில் தேற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 1850-இன் எஜமானர் கேட்டால் திகைத்திருப்பார்!

மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட் வேண்டும் என்பதால், 40 பெற்ற மின்தொழிலாளி மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிட்டார் என்று கருதலாகாது. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஒரு படிநிலை உண்டு. ஐ.டி.ஐ. நிலைப் பயிற்சி பட்டப்படிப்பின் முதலாண்டுக்குக் கீழ்ப்படியில் நிற்கிறது. எதை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் சேரவிருக்கும் கல்வி ஸ்தாபனத்திடமே உள்ளது. இந்த இடத்தில்தான் பழைய பிரிவினை இன்னும் சற்றே தலைகாட்டுகிறது என்பது என் எண்ணம்.

வெளிமாநிலத் தமிழர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. பாலிடெக்னிக் இடங்களுக்குப் பல மாநிலங்கள் குடியிருப்புச் சான்று கேட்கின்றன. கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க 2021-இல் ஏற்பட்ட வங்கியோ தேசம் முழுமைக்கும் பொதுவானது. அதில் கணக்குத் திறந்த இளைஞர், சேருமுன் அக்கல்லூரி எத்தனை கிரெடிட்டுகளை எந்தப் பாடத்திற்கு ஈடாக ஏற்கும் என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது உசிதம்.