சவுக்காரத்தைக் கண்டுபிடித்தது முஸ்லிம்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மாத் தட்டுப்பாடு. அந்த நாட்களில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனிடம் காரணம் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ள உடுப்பு கழுவ சவுக்காரம் இல்ல சேர்" என்றான். வீட்டில் இருந்த காசுக்கு அரிசியா சவுக்காரமா என்று வந்தபோது உம்மா அரிசியை வாங்கியிருக்கிறா. அதில் பிழை சொல்ல யாரால் முடியும்?

அன்று ஆசிரியர் அறையில் இதே பேச்சுத்தான். "தேங்காயெண்ணெய் நம்ம ஊர்ல இருக்கு, சவுக்காரத்த நாமளே செஞ்சா என்ன?" என்று ஒருவர் கேட்டார். அப்படித்தான் தொடங்கினோம். முதல் முறை ஒரு காணொளியைப் பார்த்து, எண்ணெயையும் கொஸ்டிக் சோடாவையும் தேநீர்க் கோப்பையால் அளந்து ஊற்றினோம். கட்டி என்னவோ வந்தது. ஆனால் தொட்டவர்களின் கையெல்லாம் எரிந்தது. அவ்வளவையும் பிள்ளைகளின் கைக்குப் போகவிடாமல் புதைத்தோம். பிறகுதான் ஒரு இலத்திரனியல் தராசு வாங்கி, படித்து, நிறுத்துச் செய்யப் பழகினோம். நெருக்கடி தணிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் சில சனிக்கிழமைகளில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து உடுப்புக்குக் கட்டிச் சவுக்காரமும், பாத்திரத்துக்கும் கைக்கும் திரவச் சவுக்காரமும் செய்கிறோம்.

அண்மையில் ஒரு மாணவி, "சவர்க்காரத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள். உலகுக்குக் குளிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்" என்ற ஒரு வட்ஸ்அப் செய்தியைக் காட்டி, இது உண்மையா என்று கேட்டாள். பிள்ளைகள் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தேடிப் பார்த்தோம். அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்கிறோம்.

முதலில் நேரான விடை: இல்லை. மெசப்பத்தேமியாவின் களிமண் பலகைகளில், எண்ணெயையும் சாம்பல் காரத்தையும் சேர்க்கும் குறிப்புகள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றன. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பப்பைரஸ் என்ற மருத்துவ ஏடும் கொழுப்பையும் கார உப்பையும் கலப்பதைப் பற்றிப் பேசுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி, கோல் நாட்டு மக்கள் விலங்குக் கொழுப்பையும் சாம்பலையும் கொண்டு "ஸாபோ" செய்ததாக எழுதினார். அதைக் கொண்டு அவர்கள் தலைமுடியைச் சிவப்பாக்கினார்களாம். அறபியில் நாம் அறிந்த "ஸாபூன்" என்ற சொல்லும் அந்த "ஸாபோ"வோடு உறவுள்ளதுதான். நமது சிங்களச் சகோதரர்கள் சொல்லும் "ஸபன்" போர்த்துக்கீசர் கொண்டுவந்தது. ஒரு சொல் இத்தனை கரைகளைத் தொட்டிருக்கும்போது, அந்தப் பொருளை ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது.

அப்படியென்றால் முஸ்லிம் உலகத்தின் பங்கு என்ன? இருக்கிறது, அதுவும் பெரிய பங்கு. அதை விளங்க, கட்டிச் சவுக்காரத்துக்கும் திரவச் சவுக்காரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் அறிய வேண்டும்.

எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சவுக்காரமும் கிளிசரோலும் உண்டாகும். நமது "சவர்க்காரம்" என்ற சொல்லுக்குள்ளேயே "காரம்" இருக்கிறது. ஆனால் காரம் ஒரு வகையல்ல. விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைப்பது பெரும்பாலும் பொற்றாசியக் காரம். அதில் செய்த சவுக்காரம் இறுகாது, களிபோல் குழகுழ என்று இருக்கும். காட்டு விறகும் விலங்குக் கொழுப்பும் நிறைந்த வட ஐரோப்பாவில் நெடுங்காலம் புழங்கியது இந்த வகைதான். உப்பு மண்ணில் வளரும் சில செடிகளின் சாம்பலிலோ சோடியக் காரம் அதிகம். அதில் செய்தால் கட்டியாக இறுகும். இன்று நாங்கள் திரவச் சவுக்காரத்துக்குப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும், கட்டிக்குச் சோடியம் ஐதரொட்சைட்டும் எடுப்பதும் இதே காரணத்தால்தான்.

ஷாமிலும் பலஸ்தீனிலும் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன: மலைச்சரிவில் ஸைத்தூன், வரண்ட நிலத்தில் உப்புச் செடி. அந்தச் செடியின் சாம்பலை அறபியில் "அல்கலீ" என்றார்கள். இன்று நமது பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் "அல்கலி" என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியலாளர் அல்முகத்தஸீ, பலஸ்தீனிலிருந்து வெளியூர் போகும் வணிகப் பொருட்களின் பட்டியலில் ஸைத்தூன், அத்திப்பழம், உலர்ந்த திராட்சை என்பவற்றோடு சவர்க்காரத்தையும் சேர்த்திருக்கிறார். ஹலப் நகரில் ஸைத்தூன் எண்ணெயோடு லோரல் எண்ணெயையும் கலந்தார்கள். நப்லஸ் நகரில் ஸைத்தூன் எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்று மட்டும்தான்.

நப்லஸின் செய்முறையை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் பழைய கோப்பை அளவு ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. பதவிகள் ஜோர்தான் ஆற்றுக்கு அப்பாலிருந்து செடிச் சாம்பலை ஒட்டகத்தில் கொண்டுவருவார்கள். அதை இடித்து, சுண்ணாம்போடு சேர்த்து, கார நீர் வடிப்பார்கள். கீழ்மாடியில் பெரிய செப்புக் கொப்பரையில் எண்ணெயும் கார நீரும் நாட்கணக்கில் காயும். பதம் வந்ததும் மேல்மாடித் தரையில் ஊற்றிப் பரப்பி, கோடு போட்டு, முத்திரை குத்தி, வெட்டுவார்கள். பிறகு நடுவில் வெற்றிடம் விட்டுக் காற்றோட்டமாக, ஆள் உயரத்தைத் தாண்டிய கோபுரங்களாக அடுக்கி மாதக்கணக்கில் காயவிடுவார்கள். 1907 அளவில் அந்த ஒரு நகரில் மட்டும் 30 சவர்க்கார ஆலைகள் இருந்தன. 1927இல் வந்த பூமியதிர்ச்சி நகரைப் பெரிதும் சேதப்படுத்தியது. அதன் பிறகும் எத்தனையோ இழப்புகளைத் தாண்டி இன்றும் அங்கே சவர்க்காரம் செய்கிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நப்லஸ் சவர்க்காரத்தையும் ஹலப் சவர்க்காரத்தையும் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பாவுக்கும் அதற்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும். செடிச் சாம்பலுக்கு அலைவதை நிறுத்தியவர் பிரான்ஸின் நிக்கலஸ் லெப்ளாங்க். சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு 1791இல் உரிமம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியில் ஆலையை இழந்து, வறுமையில் நொந்து, 1806இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது, காரம் பட்டால் அது எப்படிப் பிரிகிறது என்பதைச் செவ்ரோல் என்ற விஞ்ஞானி 1823இல் நூலாக வெளியிட்டார். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்று இன்று கணக்குப் பார்த்துச் சொல்ல முடிவது அந்த அறிவின் தொடர்ச்சியால்தான்.

இந்தக் கதையில் நமது நாடும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தேங்காயெண்ணெய் பீப்பாய்களில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது, சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்வதற்காக. இங்கிலாந்தில் சவர்க்காரத்தின் மீதிருந்த வரி 1853இல் நீங்கியதும் அந்தத் தொழில் இன்னும் வளர்ந்தது. 1884இல் வில்லியம் லீவர் "சன்லைட்" என்ற பெயரைப் பதிவு செய்தார். கடைக்காரர் நீளக் கட்டியிலிருந்து வெட்டிக்கொடுத்த காலத்தில், அளவாக வெட்டித் தாளில் சுற்றி விற்றவர் அவர். நம்மிடமிருந்து எண்ணெயாகப் போனது, உறையும் பெயரும் விலையும் பெற்றுத் திரும்பி வந்தது. 1938இல் கொழும்பு கிராண்ட்பாஸில் லீவர் நிறுவனம் ஆலை தொடங்கியது. 1941இல் சுவதேசி நிறுவனம் பிறந்தது. கடைச் சவர்க்காரம் வந்ததால் எத்தனையோ வீடுகளுக்குச் சுத்தம் எட்டியது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் வீட்டில் செய்ய முடியும் என்ற நினைப்பே நம்மை விட்டுப் போய்விட்டது.

உண்மையில் நமது வீடுகளில் அது முழுக்க இல்லாமலும் இருக்கவில்லை. கந்தூரி முடிந்ததும் உம்மம்மாமார் ஸஹன்களை எதால் தேய்த்தார்கள்? தேங்காய்ப் பொச்சும் அடுப்புச் சாம்பலும். சாம்பலின் காரம் ஸஹனில் ஒட்டிய நெய்யோடு சேர்ந்து அந்த இடத்திலேயே கொஞ்சம் சவுக்காரத்தை உண்டாக்கியது. பெயர் தெரியாமலே அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறார்கள்.

செய்ய ஆசைப்படுபவர்களுக்குச் சில வார்த்தைகள். 100 கிராம் தேங்காயெண்ணெய்க்குச் சோடியம் ஐதரொட்சைட்டு ஏறத்தாழ 18 கிராம் தேவை. 100 கிராம் ஸைத்தூன் எண்ணெய்க்கு 13.5 கிராம் அளவில்தான். தேங்காய்க் கணக்கை ஸைத்தூனுக்குப் போட்டால் மிஞ்சும் காரம் தோலை எரிக்கும். நாங்கள் எப்போதும் கணக்கை விடக் கொஞ்சம் குறைத்தே காரம் போடுகிறோம். தராசு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். காரத்தைத்தான் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைகள் தூர நின்று பார்க்கட்டும். வெட்டிய கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் காயவிடுங்கள். இன்னொன்று: இதனால் பெரிய காசு மிச்சம் வரும் என்று நினைக்காதீர்கள். எண்ணெயும் விலைதான்.

அந்த மாணவிக்கு நாங்கள் சொன்னது இதுதான். "மகள், சவுக்காரத்த நாம கண்டுபிடிக்கல்ல. ஆனா அத நல்லாச் செஞ்சவங்க நம்மட ஆக்களிலயும் இருந்தாங்க, ஆயிரம் வருஷத்துக்கு மேலால இன்னும் செய்றாங்க." அவள் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "அப்ப நாங்களும் செய்யலாமா சேர்?" என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம். வந்தார்கள். தராசில் இலக்கத்தை வாசித்துச் சொல்லும் வேலை அவளுக்கு. இரண்டு கிராம் கூடியபோது, "கூடிட்டு சேர், எடுங்க" என்று நிறுத்தியதும் அவள்தான்.

பொய்யான பெருமை ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், நாளை வேறொருவர் அதை உடைக்கும்போது பிள்ளை கூனிக் குறுகி நிற்கும். வட்ஸ்அப்பில் வருவதை அனுப்புவதற்கு முன் நாமும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம்.

அன்று வராமலிருந்த அந்தப் பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். எங்கள் முதல் நல்ல கட்டிகளில் இரண்டு அவன் வீட்டுக்குத்தான் போனது. எதற்கென்று நாங்கள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் சவுக்காரம் இல்லாத நாட்களில் எதைக் கொண்டு கழுவினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.