எழுதுபவரும் சாட்சியும்: கடன் கொப்பியிலிருந்து கைபேசி வரை

எங்களூர்ப் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர், மரணித்தவரின் மகனோ சகோதரனோ முன்னால் வந்து ஓர் அறிவித்தல் செய்வது வழக்கம். "வாப்பா யாருக்காவது கடன் குடுக்க இருந்தா எங்களுக்கிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்பு" என்பதே அது. கடனோடு மரணித்த ஒருவருக்குத் தொழுவிக்காமல் நபி (ஸல்) அவர்கள் விலகி நின்றதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. அந்தப் பயம்தான் இன்றும் எங்கள் பிள்ளைகளை ஸஃப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சென்ற வருடம் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அப்படி நின்றான். அவனுடைய வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தவர். மூன்று நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். "சேர், கடைல கொப்பி ஒண்டும் இல்ல. வாப்பா எல்லாக் கணக்கையும் போன்லதான் வெச்சிருந்தார். போன் திறக்குதில்ல" என்றான். யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் ஆறு இலக்கங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தன. அந்த ஆறு இலக்கங்களும் வாப்பாவோடு கபுறுக்குப் போய்விட்டன.

கொடுக்கல் வாங்கலைப் பதிவு செய்யும் கருவிகள் எப்படி மாறி வந்தன, அந்த மாற்றத்தில் நாங்கள் எதைக் கைவிட்டோம் என்பதைத் தேடிப் பார்க்க என்னைத் தூண்டியது இந்தச் சம்பவமே.

கடன் வசனமும் அல்குவாரிஸ்மியும்

அல்குர்ஆனின் ஆக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அது கடன் எழுதுவதைப் பற்றியது. ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் ஒரு பத்திரம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது. சாட்சிகள் இருக்க வேண்டும். சிறிய தொகைதானே என்று எழுதச் சலிக்கக் கூடாது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது. கைக்குக் கை நடக்கும் உடனடி வியாபாரத்துக்கு மட்டும் எழுதுவதில் சலுகை உண்டு.

இவற்றுக்கிடையே ஒரு நிபந்தனையை நாங்கள் அதிகம் கவனிப்பதில்லை. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவர். அவர் வாயால் சொல்ல, மூன்றாமவர் எழுத, மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். பலவீனமான தரப்பின் வாக்குமூலமே பத்திரமாகிறது. அவரால் சொல்ல முடியாவிட்டால் அவரது பொறுப்பாளர் சொல்ல வேண்டும்.

இந்த ஒழுங்கு ஏட்டில் மட்டும் கிடந்ததல்ல. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென் விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் நகரில் தாம் கண்ட ஒரு 'ஸக்'கைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸக் என்பது கடன் பத்திரம். அதில் குறிக்கப்பட்ட தொகை 42,000 தீனார். பாலைவனத்தின் மறு கரையில் இருந்த ஸிஜில்மாஸா நகரத்தவர் ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் அது. சாட்சிகள் அதை உறுதிப்படுத்தியிருந்தனர். அத்தனை பெரிய தொகையை ஒரு தாள் சுமக்க முடிந்ததற்குக் காரணம் அந்தச் சாட்சிகளே.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கலீஃபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் இருந்தவர் அல்குவாரிஸ்மி. கணினிக்குக் கொடுக்கப்படும் செயல்முறையை இன்று 'அல்கோரிதம்' என்கிறார்கள். அது இவருடைய பெயர் லத்தீனில் திரிந்த வடிவம். அல்ஜிப்ரா என்ற சொல்லும் இவரது நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதற்காகவே அந்த நூலை எழுதியதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். நூலில் ஏறத்தாழ அரைவாசி வஸிய்யத்துக் கணக்குகள்.

அவற்றுள் ஒன்று இது. ஒருவர் இரண்டு ஆண் மக்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றிலொன்றை வெளியாள் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையில் இருப்பது 10 திர்ஹம். இன்னும் 10 திர்ஹம் மகன்களில் ஒருவரே வாப்பாவுக்குத் தர வேண்டிய கடன். எப்படிப் பிரிப்பது? அல்குவாரிஸ்மி கடனில் கணக்குக்கு வரும் பகுதியை 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்று வைத்துக்கொள்கிறார். கணக்கு முடியும்போது அந்தப் பொருள் 5 என்று வருகிறது. மொத்தம் 15. மூன்று பேருக்கும் ஐந்தைந்து. கடன்பட்ட மகனின் பங்கு அவனது கடனிலேயே கழிகிறது. ரொக்கப் பத்தும் மற்ற இருவருக்கும் போகிறது.

கணக்கு அழகானதுதான். ஆனால் அது தொடங்குவதற்கே 'மகன் 10 திர்ஹம் தர வேண்டும்' என்பது தெரிந்திருக்க வேண்டும். அது எங்கும் எழுதப்படாமல் இருந்திருந்தால் அல்குவாரிஸ்மியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தேத்தண்ணிக் கடைக்காரரின் கணினி

கணினி என்றதும் இராணுவத்தையும் விஞ்ஞானிகளையும்தான் நினைக்கிறோம். வியாபாரக் கணக்குக்காகக் கணினியை முதன்முதலில் நாளாந்த வேலையில் ஈடுபடுத்தியது இங்கிலாந்தில் தேத்தண்ணிக் கடைகள் நடத்திய ஒரு கம்பனி. ஜே. லயன்ஸ் என்பது அதன் பெயர். தேயிலை, பாண், கேக் எல்லாம் விற்ற அந்தக் கம்பனிக்குச் சின்னச் சின்னத் தொகைகளாய் எண்ணற்ற சிட்டைகள். 1947இல் இரண்டு அலுவலர்களை அமெரிக்காவுக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த கணினிக்கு 3,000 பவுண் உதவி, அதை மாதிரியாக வைத்துத் தங்களுக்கென ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு 'லியோ' என்று பெயர். 1951 நவம்பரில் அது ஏற்ற முதல் வழமையான வேலை பேக்கரிக் கணக்கு: எவ்வளவு உற்பத்தியானது, அதன் பெறுமதி என்ன என்பது. 1954 முதல் சம்பளக் கணக்கும் அதனிடம் போனது. அனுபவமுள்ள எழுதுவினைஞர் ஒருவருக்கு எட்டு நிமிடம் எடுத்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது.

லியோ பெரிய கம்பனிக்குரியது. சிறு வியாபாரியின் மேசைக்குக் கணினியைக் கொண்டுவந்தது 1979இல் வெளியான 'விசிகல்க்' என்ற மென்பொருள். ஹார்வர்ட் வணிகப் பாடசாலை மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் வரைந்த கணக்கு அட்டவணை ஒன்றில் ஓர் எண் மாறினால் அதைத் தொடரும் எல்லா எண்களையும் அழித்துத் திருப்பி எழுத வேண்டியிருப்பதை யோசித்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறும் தாள் ஒன்று இருந்தால் என்ன? நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டனுடன் சேர்ந்து அதைச் செய்தார். இன்று எங்கள் பாடசாலை அலுவலகத்திலும் திறக்கப்படும் எக்செல் அதே வழியில் வந்தது.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பழைய பேரேட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் வெட்டிய கோடு தெரியும்; கேள்வி கேட்கலாம். சாதாரணக் கணினித் தாளில் ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தால் பழைய எண் இருந்த அடையாளமே பக்கத்தில் இருப்பதில்லை. எழுதுபவரின் நீதி என்று வசனம் சொன்ன விடயம் இங்கே முன்னரை விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

எங்கள் கடைகளில்

கிழக்கில் சில்லறைக் கடையின் காலண்டர் வேளாண்மைதான். விதைப்பில் ஏறும் கடன் வெட்டில் இறங்கும். என் வாப்பாவின் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று கடையில், மற்றது அந்த வீட்டில். சாமான் வாங்க வரும் பிள்ளை வீட்டுக் கொப்பியைக் கையில் கொண்டுவரும். வாப்பா இரண்டிலும் எழுதுவார். வெட்டு முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பார்கள். "மூணு றாத்தல் சீனி நான் எடுக்கல்ல காக்கா" என்று ஒரு உம்மா சொன்னால், அவருடைய கொப்பியும் பேசும். இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு எழுதும் முறை அது அல்ல. ஆனாலும் கடன்பட்டவர் கையிலும் எழுத்து இருந்தது. வசனத்தின் நோக்கத்தில் ஒரு பகுதி அந்த அழுக்குக் கொப்பியில் உயிரோடு இருந்தது.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 1995இல் இலங்கையில் வணிக ரீதியான இணையச் சேவை தொடங்கியது. 2006இல் லங்காக்ளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. கல்முனையில் போட்ட காசோலைத் தாள் கொழும்புக்குப் பிரயாணம் செய்யத் தேவையில்லாமல் போனது. 2012இல் கைபேசியிலேயே காசு அனுப்பும் ஈஸி கேஷ் வந்தது. 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து மற்ற வங்கிக்கு உடனுக்குடன் பணம் மாற்ற முடிகிறது. இன்று தேங்காய் விற்பவரின் வண்டியிலும் கியூ.ஆர் அட்டை தொங்குகிறது.

இதில் பெற்ற நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசு வந்து சேர்ந்ததா என்று உம்மா இன்னொருவரைக் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. வீட்டில் இருந்து தைத்து விற்கும் பெண்ணின் வருமானம் அவளுடைய பெயரிலேயே விழுகிறது. வங்கி வழியாகப் போன பணத்துக்கு நேரம், தொகை, இரு தரப்பின் விபரம் எல்லாம் தானாகவே பதிவாகின்றன. அந்த வகையில் வங்கியின் கணினியே ஒரு சாட்சி.

ஆனால் கடைக் கடன் வங்கி வழியாகப் போவதில்லை. அது கடைக்காரரின் போனில் இருக்கும் ஒரு செயலியில் ஏறுகிறது. கடன் கொடுத்தவர் தனியாகத் தட்டுகிறார். கடன்பட்டவர் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை. வீட்டுக் கொப்பியும் வழக்கொழிந்துவிட்டது. சொல்பவர், எழுதுபவர், சாட்சி என்ற மூன்று இடங்களிலும் ஒரே ஆள் நிற்கிறார். அவர் நேர்மையானவர் என்றாலும் அவரும் மௌத்தாகப் போகிறவர்தானே.

சட்டம் எங்கே நிற்கிறது

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைச் செல்லாதென்று தள்ள முடியாது. எனவே போனில் உள்ள கணக்கும், "மாமா, அந்த 40,000த்தையும் வெட்டு முடியத் தாறன்" என்ற குறுஞ்செய்தியும் பெறுமதியற்றவை அல்ல. அதே சட்டம் மரண சாசனத்தையும் காணி விற்பனை ஒப்பந்தத்தையும் தனது எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. வஸிய்யத்தைப் போனில் எழுதி வைத்துவிட்டேன் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

மரண சாசனம் இல்லாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் விதிகளுக்கேற்பப் பிரியும். ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகளின் பங்கு என்ற வரிசை எங்களுக்குத் தெரிந்ததே. பங்கைக் கணக்கிட இப்போது இணையத்திலேயே கருவிகள் உண்டு. வாரிசுகளைக் குறித்தால் ஒரு நொடியில் விடை வரும். அல்குவாரிஸ்மி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்தக் கருவியும் முதலில் கேட்பது 'கடன் எவ்வளவு?' என்றுதான்.

செய்யக்கூடியது

அந்த மாணவன் அடுத்த ஜும்ஆவில் மீண்டும் எழுந்து நின்றான். இம்முறை, வாப்பாவுக்குக் கொடுக்க இருப்பவர்களும் தாங்களாகவே வந்து சொல்லும்படி கேட்டான். சிலர் வந்தார்கள். ஒரு மூதாட்டி தன் பேத்தியின் பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைக் கொண்டுவந்து காட்டினார். சாமான் போட்ட மொத்த வியாபாரிகள் தங்கள் பட்டியல்களைக் கொண்டு வந்தார்கள். அவற்றைச் சரிபார்க்க இவனிடம் எதுவும் இல்லை. சொன்னதையெல்லாம் நம்பிக் கொடுத்தான். கொடுத்தது கூடவா குறையவா என்பது அவனுக்கு இன்றும் தெரியாது. "வாப்பாட கடன் முடிஞ்சிட்டா சேர்?" என்று அவன் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை.

கருவியை விட்டுவிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நானும் போனில்தான் மின்சாரப் பட்டியல் கட்டுகிறேன். ஆனால் மூன்று காரியங்களை எந்த வீட்டிலும் செய்யலாம். கடனைப் பதியும்போது அதே தொகையைக் கடன்பட்டவருக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி, 'சரி' என்று அவரிடமிருந்து ஒரு சொல் வாங்கிக் கொள்வது. வீட்டுக் கொப்பி இழந்த இடம் அதனால் ஓரளவு நிரம்பும். மாதம் ஒரு முறை வரவேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி, மனைவியோ மூத்த பிள்ளையோ அறிய வைப்பது. எந்த வங்கியில் கணக்கு உண்டு என்ற பெயர்ப் பட்டியலை அதே தாளின் பின்புறம் குறிப்பது. இரகசிய இலக்கங்களை எழுதத் தேவையில்லை. வங்கியின் பெயர் தெரிந்தால், மரணச் சான்றிதழோடு எங்கே போய்க் கேட்பது என்பதாவது வாரிசுகளுக்குத் தெரியும்.

நான் எனது தாளைச் சென்ற மாதம் எழுதினேன். சகோதரனிடம் பட்ட ஒரு கடனை, அவனே மறந்திருந்ததை, முதல் வரியில் எழுதினேன். மனைவி வாசித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு கீழே கையொப்பம் வைத்தார்.