ஹாண்டா வைரஸும் குழந்தையின் மூச்சும்: அரிதான நோயைக் கண்டறிவது குறித்து

1993 மே மாதம், அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் காய்ச்சல் கண்ட சில நாள்களில் மூச்சுத் திணறி இறந்தனர். மான் எலி சுமந்துவந்த ஒரு புதிய ஹாண்டா வைரஸே காரணம் என்பது சில வாரங்களில் தெரிந்தது. பின்னர் அது ‘சின் நோம்ப்ரே’ எனப் பெயர் பெற்றது. நோயுற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலிகொள்ளும் இந்நோய், சிறாரிடம் அரிதாகவே பதிவாகிறது. இந்த அரிதான தன்மையைக் குழந்தைகளுக்கான காப்பு என்று கருதுவது ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறு குழந்தைகளின் நோயெதிர்ப்பு ஆற்றல் மிதமாக வினைபுரிவதால் அவர்கள் தப்பிக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் பொருள் இருக்கிறது. இந்த வைரஸ் நுரையீரல் செல்களை நேரடியாக அழிப்பதில்லை. உடலின் எதிர்ப்பு வினை தந்துகிகளைக் கசியவிட, காற்றறைகளில் நீர் நிறைகிறது. ஆயினும் இவ்விளக்கம் மக்கள்தொகைக்குப் பொருந்துவதே அன்றி, எதிரே காய்ச்சலோடு படுத்திருக்கும் குழந்தைக்கு உறுதி தருவதன்று. 2009இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 6 முதல் 14 வயது வரையிலான ஐந்து குழந்தைகளுக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. நோய் முற்றிய சிறார் பெரியவர்களைப் போலவே இறக்கவும் கூடும்.

தொடக்க அறிகுறிகள் ஏமாற்றுபவை: காய்ச்சல், தொடையிலும் இடுப்பிலும் வலி, வாந்தி, வயிற்றுவலி. இருமல் அநேகமாக நான்கு முதல் பத்து நாள்கள் கழித்தே வருகிறது. அதன்பின் நோய் மணிக்கணக்கில் முற்றுகிறது. திறன் நிறுவப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லாததால், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரிய நேரத்தில் கொண்டுசெல்வதே உயிர்காக்கும் வழி. எனவே, இத்தகைய அறிகுறிகளோடு இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கக் கண்டால், பெற்றோரிடம் கேட்க வேண்டியது: கடந்த எட்டு வாரங்களில் குழந்தை எலி நடமாடிய இடத்தில் இருந்ததா?

விடை பெரும்பாலும் வீட்டு வளாகத்திலேயே கிடைக்கும். குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து, காய்ந்த எலிப்புழுக்கைகளைத் துடைப்பத்தால் கூட்டும்போது எழும் தூசியில் வைரஸ் இருக்கக்கூடும். அருகில் விளையாடும் குழந்தை அதைச் சுவாசிக்கிறது. அரை மணி நேரம் காற்றோட்டம் விட்டு, பிளீச் கரைசலால் நனைத்து, ஈரத்தோடு துடைத்தெடுப்பதே சரியான முறை. குழந்தைகளை அங்கே விடக்கூடாது.

இதில் அந்தத் தென்மேற்குப் பகுதியின் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் மரபறிவு முன்னோடியானது. எலியை நோயோடு தொடர்புபடுத்தி, அதை வீட்டிலிருந்து விலக்கிவைக்க அவர்களின் முதியோர் கற்பித்திருந்தனர். பின்யோன் பைன் மரக்கொட்டை மிகுந்து விளையும் ஆண்டுகளில் எலிகள் பெருகும் என்பதையும் அறிந்திருந்தனர். 1993க்கு முந்தைய மழையும் அதைத் தொடர்ந்த எலிப்பெருக்கமும் அவர்கள் சொன்னதற்குச் சான்றாயின. அந்த அறிவு மருத்துவரின் கேள்விப் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஒரு நிமிடக் கேள்வி, அரிதான நோயைத் தாமதமின்றிச் சந்தேகிக்க வைக்கும். அந்தச் சந்தேகத்தில்தான் குழந்தையின் உயிர் நிற்கிறது.