சின்னப் பெட்டிக்குள் யூனிக்ஸ்

யூனிக்ஸ் சிறிதாகவே பிறந்தது. 1971இல் பெல் ஆய்வகத்தில் அது ஓடிய பிடிபி-11 இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே 24 கிலோபைட். அதில் இயங்குதளத்துக்கு 16, பயனரின் நிரல்களுக்கு 8. பின்னர் நினைவகம் மலிய மலிய யூனிக்ஸ் பெருத்தது. 1991இல் அதே சாயலில் வந்த லினக்ஸும் பெருத்தது. சிறு கருவிகளுக்காக அதை மறுபடி இளைக்கவைக்கும் வேலை தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது.

கெர்னலில் வேண்டாத டிரைவர்களை நீக்குவது அவ்வளவு கடினமில்லை. இடத்தை அடைத்தவை அதைச் சூழ்ந்த நூற்றுக்கணக்கான கட்டளைகள். டெபியன் லினக்ஸை நிறுவும் கருவிகளை ஒரே ஃபிளாப்பியில் அடக்குவதற்காக புரூஸ் பெரன்ஸ் எழுதிய பிஸிபாக்ஸ் இதற்கு வழிகாட்டியது. கோப்பை நகலெடுப்பது, பட்டியலிடுவது, அழிப்பது எல்லாம் அதில் ஒரே நிரல். எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறோமோ அந்த வேலையைச் செய்யும். எல்லாக் கட்டளைகளுக்கும் பொதுவான பகுதி ஒருமுறைதான் இடம் பிடிக்கும். எளிய யோசனைதான், ஆனால் இன்றுவரை இதை மிஞ்சியது அரிது. அடுத்து, நினைவக மேலாண்மை வன்பொருள் இல்லாத மலிவுச் சில்லுகளுக்கென 1998இல் யூசிலினக்ஸும், அதையொட்டி யூசிலிப்சி என்ற மெலிந்த சி நூலகமும் வந்தன.

இந்தியாவில் இளைத்த லினக்ஸின் பெரிய சோதனை சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் வடிவமைத்த இந்த லினக்ஸ் கைக்கணினி 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிராங்ஆர்ம் சில்லில் ஓடியது. தமிழ், கன்னடம், இந்தி உரையை வாய்விட்டுப் படித்தது. ஸ்மார்ட் கார்டைச் செருகி ஒரே கருவியை ஊரார் பலர் பகிரலாம் என்பது திட்டம். லினக்ஸ் சுருங்கிய அளவுக்கு விலை சுருங்கவில்லை. 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது மிக மலிவான மாதிரியே பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. 2005 வரை விற்றவை ஏறத்தாழ 4,000.

வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்துக்குச் சின்னக் கணினி வேறு வழியில் வந்தது. பாலாற்று மாசு குறித்த 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு 18 ஆண்டுகள் கழித்து, தோல் பதனிடும் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் அளவுகளை இணையவழியே உடனுக்குடன் அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. மீட்டர் காட்டுவதைச் சேமித்து, இணைப்பு அறுந்தால் காத்திருந்து மறுபடி அனுப்பும் வேலை இது. வலையமைப்புக்கு வேண்டியதெல்லாம் லினக்ஸில் தயாராக இருப்பதால், இவ்வகைத் தொழிற்சாலைப் பெட்டிகள் பலவற்றில் அதுவே ஓடுகிறது. இளைத்த லினக்ஸுக்கு நீடித்த வேலை கொடுத்தவை இத்தகைய பெட்டிகளே.