மேசைத் தொலைபேசித் தாங்கி

மேசைத் தொலைபேசித் தாங்கி என்பது, பேசும் வாய்க்குழலையும் கேட்கும் காதுக்குழலையும் மேசைமேல் ஏந்தி நின்ற உலோக உடல். 1890-கள் முதல் 1930-கள் வரை இது வார்ப்பாகவும் கடைசலாகவும் செய்யப்பட்டது. அமெரிக்கத் தொழில் வழக்கில் ‘டெஸ்க் ஸ்டாண்ட்’ என்றால் தொலைபேசியேதான். ஆனால் மேசையில் நின்றது பாதித் தொலைபேசி. மணியும் தூண்டுசுருளும் தனி மரப்பெட்டியில் சுவரிலோ மேசைக்கடியிலோ இருக்கும். கயிறு போன்ற ஒரு கம்பி இரண்டையும் இணைக்கும். பருமனான உறுப்புகள் கண்ணுக்கு மறைவாகப் போனதால்தான் மேசைமேல் நின்ற பகுதி ஒல்லியாகவும் ஒய்யாரமாகவும் இருக்க முடிந்தது.

சுவீடன் இதற்கு நேர் எதிர்வழியில் போனது. லார்ஸ் மாக்னஸ் எரிக்சன் 1876-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம், 1892-இல் ஒரு மேசைத் தொலைபேசியை வெளியிட்டது. அதில் இயந்திரத்தை மறைக்கவில்லை. இயந்திரத்தையே அலங்காரமாக நிறுத்திவிட்டார்கள். அக்காலத் தொலைபேசியில் தொலைபேசி நிலையத்தை அழைக்கக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சுழற்சியை மின்சாரமாக்கும் மேக்னெட்டோவுக்கு வலிமையான லாடக் காந்தங்கள் வேண்டும். கனத்த அந்த இரும்பை எங்கே ஒளிப்பது? எரிக்சன் பட்டறை இரண்டு லாடங்களைக் கவிழ்த்து வைத்தது. நான்கு கால்கள் கிடைத்தன. வெளிப்புறம் வளைந்து விரியும் அந்தக் கால்களுக்குக் கருப்பு அரக்குப் பூச்சு, அதன்மேல் பொன்னிறக் கொடியும் பூவேலையும். நம் வீடுகளில் இருந்த பழைய தையல் இயந்திரத்தின் கழுத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருப்பும் பொன்னும் புதிதல்ல. இரண்டும் ஒரே காலத்து ரசனை. மேலே நிக்கல் முலாம் பூசிய கவை, அதில் படுத்திருக்கும் ரிசீவர். இப்படிக் காதுக்குழலையும் வாய்க்குழலையும் ஒரே பிடியில் சேர்க்கும் யோசனை, 1880-களின் நடுவில் ஸ்டாக்ஹோம் நிலையப் பணியாளர்களுக்காக ஆன்டன் அவேன் செய்தது. சுவீடன்காரர்கள் இந்தத் தொலைபேசியின் குட்டைக் கால்களைக் கண்டு குட்டைக்கால் வேட்டைநாயின் பெயரை வைத்தார்கள். சேகரிப்பாளர்களோ ‘ஈஃபில் கோபுரம்’ என்கிறார்கள். பாரிஸ் கோபுரம் அப்போது மூன்றே வயதுப் புதுமை. அலங்காரத்துக்கென்று தனியாக ஒரு கிராம் இரும்புகூடச் செலவழிக்காமல் இவ்வளவு அலங்காரமாக நின்ற கருவி அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவில் ரிசீவர் கவையில் படுக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. காரணம் ரசனையல்ல, கரித்துகள். வாய்க்குழலுக்குள் இரு தட்டுகளுக்கிடையே இருக்கும் கரித்துகள்கள் குரலதிர்வுக்கேற்ப நெருங்கி விலகித்தான் பேச்சு மின்சாரமாகிறது. கருவியைச் சாய்த்தால் துகள்கள் ஒருபக்கம் இறுகிப் பேச்சு கெடும். தொலைதூரப் பேச்சுக்குத் தெளிவு முக்கியம் என்று கருதிய பெல் நிறுவனம் வாய்க்குழலை நிமிர்ந்த தண்டின் உச்சியில் நிலையாகப் பொருத்தியது. காதுக்குழல் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கியது. அதை எடுத்ததும் கொக்கி வில்லால் மேலெழும்பி இணைப்பு உயிர்பெறும். இந்த உருவத்துக்கு ‘கேண்டில்ஸ்டிக்’ என்று பெயர் நிலைத்தது. தமிழ்க் கண்ணுக்கு இது குத்துவிளக்கு: அகன்ற வட்டப் பாதம், கடைசல் வளையம், ஒடுங்கும் தண்டு, திரி எரியவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கருப்பு வாய்.

கிரகாம் பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893-இலும் 1894-இலும் காலாவதியாயின. உடனே நூற்றுக்கணக்கான தனி நிறுவனங்கள் களமிறங்கின. சிகாகோவில் ஸ்ட்ராம்பர்க்-கார்ல்சன், கெல்லாக் போன்றவை தோன்றின. உள்ளே இருந்த மின்சுற்றில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே போட்டி தண்டில் நடந்தது: முறுக்குக் கயிறு போன்ற தண்டு, எண்ணெய்க் குப்பி போல் மேலே குறுகும் தண்டு, பானை வயிற்றுத் தண்டு. பெல் குடும்பத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் இதில் ஒதுங்கியே நின்றது. அதன் தொலைபேசிகள் விற்கப்படவில்லை, வாடகைக்கு விடப்பட்டன. பழுதானால் மாற்ற, ஒரே மாதிரி இருப்பது லாபம். பளபளத்த நிக்கல் போய்க் கருப்பு வந்தது. பித்தளைக்குப் பதில் பின்னர் எஃகும் வந்தது.

இந்த வடிவங்களைக் காக்க நிறுவனங்கள் நாடியது வடிவமைப்புக் காப்புரிமை. அமெரிக்கா 1842-இல் இதற்குச் சட்டம் செய்தது. முதல் காப்புரிமை ஓர் அச்செழுத்து வடிவத்துக்குக் கிடைத்தது. சாதாரணக் காப்புரிமையில் கருவி இயங்கும் விதம் பக்கம்பக்கமாக விளக்கப்படும். இதிலோ ஒரு படம், ஒரே வரி: படத்தில் காட்டியபடியான அலங்கார வடிவமைப்பு உரிமை கோரப்படுகிறது, அவ்வளவுதான். கொக்கி எழும்புவதற்கு இதில் பாதுகாப்பில்லை. கொக்கி வளைந்திருக்கும் அழகுக்கு உண்டு. அக்காலத்தில் மூன்றரை, ஏழு, பதினான்கு ஆண்டுகள் என்று காலத்தை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்து முறையே 10, 15, 30 டாலர் கட்டலாம்.

சாய்த்தாலும் பேசும் வாய்க்குழல் தயாரானதும் 1927-இல் பெல் நிறுவனம் ரிசீவரைக் கவைக்கு மாற்றியது. அதன் முதல் தாங்கி, பழைய தண்டைக் குட்டையாக்கித் தலையில் கவை வைத்தது போலவே இருந்தது. அடுத்து வட்டப் பாதத் தாங்கி வந்தது. 1930-இல் வந்த நீள்வட்டப் பாதம் டயலைச் சுழற்றும்போது ஆடாமல் அகன்று நின்றது. அதே காலத்தில் ஆஸ்லோவில் ஓவியர் ழான் ஹைபெர்க் பேக்கலைட்டில் ஒரே வார்ப்பான உடலை வடித்தார். ஐரோப்பியத் தொலைபேசிகள் பலவற்றுக்கு அது முன்மாதிரியானது. பெல் ஆய்வகம் வருங்காலத் தொலைபேசியை வரையக் கலைஞர்களுக்குத் தலா ஆயிரம் டாலர் தர முன்வந்தபோது, பொறியாளர்களோடு அமர்ந்து உள்ளிருந்து வெளியே வடிவமைக்க வேண்டும் என்று மறுத்தவர் ஹென்றி டிரைஃபஸ். கடைசியில் அவரிடமே வேலை வந்தது. 1937-இல் அறிமுகமான 302 மாதிரியில் மணி உடலுக்குள்ளேயே புகுந்தது. சுவர்ப் பெட்டி தேவையற்றுப் போனது. தாங்கி என்ற தனிப்பொருளும் அதோடு முடிந்தது.

இந்தியப் பித்தளைப் பட்டறைகளில் இந்தத் தாங்கிகளின் நகல்கள் இன்றும் வார்க்கப்படுகின்றன. வரவேற்பறை அலங்காரத்துக்கு அவை போதும். அசல் அமெரிக்கத் தாங்கி என்று யாரேனும் விலை சொன்னால், வாய்க்குழலுக்குக் கீழே உள்ள உலோகப் பகுதியில் தேதிகள் பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை காப்புரிமைத் தேதிகள், தயாரித்த தேதிகள் அல்ல. அவற்றுள் கடைசித் தேதிக்கு முன் அந்தக் கருவி செய்யப்படவில்லை என்பதை மட்டுமே அந்தப் பொறிப்பு சொல்லும்.