ஏற்பி என்னும் சொல்லும் ஒரு வலியின் வரலாறும்

கன்னடத்தில் மாதவிடாயை ‘முட்டு’ என்பர். தொடுதலையும் அதே சொல் குறிக்கும். தமிழில் ‘மாதவிலக்கு’, ‘தீட்டு’, ‘வீட்டுக்குத் தூரம்’ என்கிறோம். இச்சொற்கள் பெண் எங்கே இருக்க வேண்டும், அவளை யார் தொடலாகாது என்பவற்றையே கூறுகின்றன; அவளது உடலுக்குள் நிகழ்வதைக் கூறவில்லை. அவ்வுடலின் வலிக்குக் காரணம் தேடிய அறிவியலின் வரலாற்றில் முதன்மை பெறும் சொல் ‘ஏற்பி’.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பையிலும் வயிற்றறையின் உட்புறத்திலும் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று இத்திசுவை விதைக்கிறது என 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விளக்கினார். ஆயினும் அப்பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்வது. நோயோ சிலருக்கே வருகிறது. இவ்வேறுபாட்டைச் சாம்ப்சனின் விளக்கம் மட்டும் தீர்க்கவில்லை.

விடைக்கான வழி வேறொரு துறையில் திறந்தது. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தினார். தசை அதனைத் தங்கவிடவில்லை, கருப்பை பற்றிக்கொண்டது. ஹார்மோனைப் பிணைக்கும் புரதம் ஒன்று அங்கே இருத்தல் வேண்டும் என்னும் முடிவு பிறந்தது. 1964இல் ஜி.பி. தல்வார், ஷெல்டன் சீகலுடன் இணைந்து, கருப்பையில் நிகழும் இப்பிணைப்பை ஆர்.என்.ஏ உருவாக்கத்தோடு தொடர்புபடுத்தி ஆய்வுரை வெளியிட்டார். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியலாளரான அவரது பெயர் இவ்வரலாற்றைக் கூறுவோரால் அரிதாகவே நினைக்கப்படுகிறது.

ஈஸ்ட்ரோஜனுக்கு ஓர் ஏற்பியே உண்டு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1996இல் சுவீடனின் யான்-ஓகே குஸ்டாஃப்சன் குழுவினர் எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரண்டாம் ஏற்பியை அறிவித்தனர். முன்னையது ஆல்ஃபா எனவும் புதியது பீட்டா எனவும் பெயர் பெற்றன. பின்னர் செர்தார் புலுன் முதலியோர், எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் பீட்டா ஏற்பி மிகுந்தும் புரோஜெஸ்டிரோன் ஏற்பி குறைந்தும் இருப்பதைக் காட்டினர். அத்திசு தனக்குரிய ஈஸ்ட்ரோஜனைத் தானே உருவாக்கவும் வல்லது. ஆகவே, வளர்ச்சியைத் தூண்டும் குரல் ஓங்க, அதனை அடக்கும் குரல் செவிமடுப்பாரின்றிப் போகிறது.

ஏற்பிகளே முழுக் காரணமல்ல. மரபணு, நோயெதிர்ப்பு, நரம்பு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும், புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகள் சிலருக்குப் பயன் தராமைக்கு இவ்வேற்பிக் குறைவு ஒரு விளக்கம் தருகிறது. மாத்திரை உண்டும் வலி தணியவில்லை என ஒரு பெண் கூறுவாளாயின், அது பொறுமைக் குறைவன்று. பிணைய வேண்டிய மூலக்கூறு பிணையும் இடமின்றி நிற்பதாகவும் இருக்கலாம். ‘எல்லாருக்கும் உள்ள வலிதானே’ என்னும் தொடரை நாம் கைவிடுவதற்கு இது ஒன்றே போதிய சான்று.